அந்த மண்டபத்தில் கச்சான் வீசவில்லை

எங்கள் கூடைப்பந்துக் கோட்டில் ஒருவரும் வளையத்தைக் குறிபார்த்து எறிந்ததில்லை. உங்களுக்கு இது தெரியும். நீங்கள் பத்துப் பேரும் அதே அணியில் என்னோடு நின்று எறிந்தவர்கள். ஆனாலும் விளக்கமாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் வேறு யாராவது இந்தக் கடிதத்தை எடுத்து வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும். விளங்கியும் விளங்காதது போல் சிரித்தவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

திருகோணமலையில் எங்கள் கல்லூரிக்கும் உள்துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு றோட்டும் ஒரு தகர வேலியும் மட்டும்தான். பாஸ்கற்போல் கோட் வடக்குத் தெற்காகக் கிடந்தது. வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து தண்ணீரைத் தாண்டிக் கச்சான் காற்று வரும். விடியற்காலையில் அது படுத்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் சப்பாத்துக் கட்டுகிற நேரம், கரையில் கட்டிய வள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கும். காற்று எழும்பிவிட்டது என்று அர்த்தம். வடக்கு வளையத்துக்கு எறிந்தால் அது பந்தை வலப்பக்கம் தள்ளும். ஆகவே இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி எறிவோம். தெற்கு வளையத்துக்கு எறிந்தால் எல்லாம் மறுவளம். மூன்று வருடம் இப்படி எறிந்து எறிந்து அது யோசனையை விட்டு இறங்கிக் கைக்குள் போய்விட்டது. ஆளுக்கு இரண்டு கை இருந்தது, வளையத்துக்கு ஒரு கை.

அந்தக் கோட்டைப் பற்றி நீங்கள் இப்போது முகப்புத்தகத்தில் உருகி உருகி எழுதுகிறீர்கள். காலையில் மான்கள் படுத்திருந்ததையும், புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு ஓடத் தொடங்கியதையும், சொரசொரப்பெல்லாம் தேய்ந்து மொட்டையான பந்தையும் எழுதுகிறீர்கள். உப்புக் காற்று வளையத்தின் சங்கிலியைத் தின்ற பிறகு, உங்களில் ஒருவருடைய தகப்பனார் மீன்வலைத் துண்டு ஒன்றை முடிந்து கட்டித் தந்தார். பந்து உள்ளே போனால் வலையிலேயே தங்கிவிடும். விளக்குமாற்றுத் தடியால் குத்தி இறக்க வேண்டும். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் நானும் ‘லைக்’ பண்ணினேன். ஆனால் எங்கள் கெப்டனைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கோபம்.

எங்களுக்கு முன்னே அந்தக் கல்லூரிக்குப் பெரிய பெயர் இருந்தது. எங்கள் தகப்பன்மார் வயது ஆட்கள் அகில இலங்கை இறுதிப்போட்டி வரைக்கும் போனவர்கள். பிறகு சண்டை. வகுப்பறைகளில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. கோட்டின் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் கொடி கட்டிச் சேலை காயப்போட்டார்கள். சண்டை முடிந்து, கொடியை அவிழ்த்து, கோட்டில் திரும்ப இறங்கிய முதல் அணி நாங்கள். எங்களுக்குப் பதினாறு, பதினேழு வயது.

கெப்டன் கிளிவெட்டிக் கிராமத்துப் பொடியன். இடம்பெயர்ந்து வந்து, தாயோடும் இரண்டு தங்கச்சிமாரோடும் ரவுணில் ஓர் ஒற்றை அறையில் இருந்தான். தகப்பன் இல்லை. தாய் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை. கொழும்பில் ஒரு பெரிய கல்லூரி, வருடத்துக்கு ஒரு வெளிமாவட்டப் பொடியனை விளையாட்டில் எடுக்கும். உயர்தரப் பரீட்சை முடியும் வரை விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். அதற்கு எங்கள் கல்லூரி அதிபரின் கடிதம் ஒன்று வேண்டும், ஒருவருக்கு மட்டும். அந்தக் கடிதம் கெப்டனுக்குத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவனுடைய தாய் அவனுக்கு ஒரு சூட்கேஸ்கூட வாங்கி வைத்துவிட்டார்.

எங்களைப் பழக்கிய விளையாட்டு சேருக்குக் காற்று என்றால் பெருமை. வெளியார் அணி எது வந்தாலும் ஆட்டத்தைச் சரியாக நாலு மணிக்குத்தான் வைப்பார்.

“காத்து எங்கட ஆறாவது ஆளடா ராசா. சாப்பாடும் கேக்காது, சப்பாத்தும் கேக்காது.”

வந்தவர்கள் எறிவார்கள், பந்து கச்சானில் ஏறிப் பக்கவாட்டில் போகும். ஒருமுறை எதிரணிக் கோச் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். “இது பாஸ்கற்போலோ, பட்டம் விடுறதோ?” என்று கத்தினார். நாங்கள் நிலத்தில் விழுந்து சிரித்தோம். மாகாண இறுதிப்போட்டியும் எங்கள் கோட்டில்தான், நாலு மணிக்குத்தான். வென்றோம். பாண்ட் வாத்தியத்தோடு ரவுணைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், பெயர் எழுதத் தெரியாதவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் ஓடி வந்தார்.

கெப்டன் மட்டும் அன்று சந்தோஷமாக இல்லை. அடுத்த நாள் என்னைத் தனியே கூப்பிட்டான்.

“மச்சான், விடியப்புறம் அஞ்சரைக்கு வந்து எறிஞ்சு பாத்தனான். காத்து இல்ல. பத்துக்கு எட்டு வெளிய.”

“நித்திரை முறியாமல் எறிஞ்சிருப்பாய்.”

“விசர்க் கதை கதையாத. அகில இலங்கை மட்ச் உள்ளரங்கில. நாலு பக்கமும் சுவர். அங்க போய் ஒரு முழம் தள்ளி எறிஞ்சமெண்டால் சனம் சிரிக்கும்.”

சேரிடம் சொன்னான். சேர் விசிலைச் சுழற்றிக்கொண்டு, “காத்திலயே விழுத்துறவனுக்குக் காத்தில்லாட்டி இன்னும் லேசு” என்றார். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. வென்ற மனிதனுக்கு யோசிக்க என்ன தேவை?

பிறகு கெப்டன் உங்கள் ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் சைக்கிளில் வந்தான். ஞாபகம் இருக்கிறதா? “மூண்டு கிழமை, விடிய அஞ்சரைக்கு வாங்கோ. காத்து எழும்ப முந்திப் பழகுவம்” என்று கேட்டான். எல்லோரும் ஓம் என்றோம். முதல் நாள் நாலு பேர் வந்தோம். இரண்டாம் நாள் நானும் அவனும். மூன்றாம் நாள் நானும் போகவில்லை. பாயில் கிடந்துகொண்டு, தூரத்தில் ஒற்றைப் பந்து சீமெந்தில் அடிபடுகிற சத்தத்தைக் கேட்டேன். திரும்பிப் படுத்தேன்.

அவன் அதற்கும் விடவில்லை. ரவுணில் அப்போதுதான் ஓர் உள்ளரங்கைக் கட்டி முடித்திருந்தார்கள். பலகைத் தரை, அதன் மேல் பொலித்தீன், வாசலில் பெரிய பூட்டு. யாரோ பெரிய ஆள் வந்து நாடா வெட்டுவதற்காக மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. கெப்டனும் நானும் வெள்ளைக் காற்சட்டையோடு அரங்குக்குப் பொறுப்பான கந்தோருக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மனுசன் போலத்தான் இருந்தார். கதிரை காட்டி இருக்கச் சொன்னார்.

“ஒரு கிழமை போதும் சேர். வெறுங்காலோட விளையாடுறம். தரையில ஒரு கீறல் விழாது.”

“திறப்பு விழா முடியாமல் ஒருத்தரும் கால் வைக்க ஏலாது தம்பி. உங்களுக்குத்தான் சொந்தமா ஒரு கோட் இருக்கே.”

“அங்க காத்து சேர்.”

“அப்ப காத்துத்தான் பிரச்சினையோ?”

“இல்ல சேர். அங்க கொழும்பில காத்து இல்லாததுதான் பிரச்சினை.”

அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, “இஞ்ச கேளும் ஐசே, காத்தில்லாட்டி இவையளுக்கு விளையாட ஏலாதாம்” என்றார். கந்தோர் முழுக்கச் சிரித்தது. கெப்டன் எழும்பிக் கதிரையை மேசைக்குள் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தான். அந்த அரங்கு திறந்த பிறகு அங்கே முதன்முதல் நடந்தது பிளாஸ்ரிக் கதிரை மலிவு விற்பனை. அதையும் எழுதி வைக்கிறேன்.

கொழும்பு அரங்கில் கால் வைத்ததும் எங்களுக்கு முதலில் தெரிந்தது சத்தம். சீமெந்தில் ஒருநாளும் கத்தாத எங்கள் சப்பாத்துகள் பலகையில் கீச்சுக் கீச்சென்று கத்தின. வார்னிஷ் மணம். பந்தை ஒருமுறை அடித்தால் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வருகிற எதிரொலி. எங்கே வடக்கு, எங்கே தெற்கு என்று தெரியவில்லை. காலிறுதி ஆட்டம். முதல் பாதியில் தூரத்திலிருந்து எறிந்ததெல்லாம் வெளியே போனது. சில எறிகள் வளையத்தின் பின்பலகையிலேயே படவில்லை. மேலே படிகளில் இருந்த பொடியன்கள் நாங்கள் எறிகிற ஒவ்வொரு முறையும் “ஊஊ” என்று ஊளையிடத் தொடங்கினார்கள். ஆயிரம் தரம் யோசித்து நேரே எறியப் போனாலும், கடைசிக் கணத்தில் மணிக்கட்டு தானாகத் திரும்பியது.

இடைவேளையில் பத்துப் புள்ளி பின்னால். கெப்டன் எங்கள் கழுத்துகளைப் பிடித்து வட்டமாகக் குனிய வைத்தான்.

“ஒருத்தரும் தூர நிண்டு எறியாதேங்கோ. உள்ள ஓடுங்கோ. றிங்குக்குக் கீழ போய்ப் பலகையில வையுங்கோ. கிட்டப் போனால் பிழைக்காது.”

“எறியுங்கோடா! எங்கட பலமே எறியிறதுதான்!” என்று சேர் பின்னாலிருந்து கத்தினார். நாங்கள் கெப்டன் சொல்லைக் கேட்டோம், பாதிதான் கேட்டோம். பழக்கத்தில் இடையிடையே எறிந்தோம். ஆனாலும் அவன் ஆடினான். இடிபட்டு, விழுந்து, முழங்கை தேய்ந்து, திரும்பத் திரும்ப உள்ளே போனான். ஊளையிட்டவர்கள் வாயை மூடினார்கள். கடைசியில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். நேரம் முடிகிற தறுவாயில் அவனை ஒருவன் தள்ளி விழுத்தினான். இரண்டு ஃபிறீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் அரையிறுதி.

தரையில் கீறிய கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் எறிய வேண்டும். கிட்ட ஓடிப் போக வழியில்லை. முதல் பந்து இடப்பக்கம் போய் வளையத்தின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது. அவன் கீழே பார்த்துப் பாதத்தைக் கொஞ்சம் திருப்பினான். கையை உதறினான். இரண்டாவது பந்து வலப்பக்க ஓரத்தில் பட்டு வெளியே விழுந்தது. விசில் ஊதியது.

பஸ்சில் திருகோணமலை வரைக்கும் நாங்கள் எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். தோற்றதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதால் எங்களுக்கு உள்ளூர ஓர் ஆறுதல். இல்லை என்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம். எங்களைச் சீருடைக்கு மேல் ஜேர்சி போடச் சொல்லி, முன்வரிசையில் பிள்ளைகளைப் பார்க்க நிறுத்தாமல் மேடையைப் பார்க்க நிறுத்தினார்கள். அதிபர் கெப்டனை மட்டும் மேடைக்கு அழைத்தார்.

“கல்லூரியின் பேரை இரண்டு எறியில விட்டிட்டு வந்திருக்கிறீர். பயந்துபோனீரோ, அல்லது கொழும்பைக் கண்ட சந்தோசப் புளுகத்தில கவனம் சிதறிச்சுதோ? மாணவருக்கு முன்னால சொல்லும்.”

கெப்டன் ஒலிவாங்கியைப் பார்த்தான். மடமடவென்று மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். அவன் உண்மையைச் சொன்னான்.

“சேர், அங்க காத்து இல்ல சேர்.”

பிறகு பின்வரிசையில் எவனோ கெக்கென்றான். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. ஆசிரியர்கள் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் ஏனென்று தெரியாமலே சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ‘அவன் சொல்லுறது சரி, நான்தான் கேட்கேல்ல’ என்று. சொல்லவில்லை. போன வருடம் அவர் காலமாகிவிட்டார். செத்த வீட்டுக்குப் போய்த் தலைமாட்டில் நின்றபோதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

சேரை விடுங்கள். முன்வரிசையில் நாங்கள் பதினொரு பேர் நின்றோம். அந்தக் கல்லூரியிலேயே அவன் சொன்னதன் அர்த்தம் தெரிந்த பதினொரு பேர். நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்றவரின் தோள் குலுங்கியது. எனக்கும் வாய் விரிந்தது. சிரிக்காவிட்டால் என்னையும் மேடைக்குக் கூப்பிடுவார்களோ என்ற பயம் அதற்குள் இருந்தது. வேறு எந்தச் சாட்டும் இல்லை.

“நக்கலோ?” என்றார் அதிபர். “சரி. ஒழுக்கமில்லாத பிள்ளைக்கு இந்தக் கல்லூரி கடிதம் குடுக்காது.”

இரண்டு நாள் கழித்து என்னைக் கந்தோருக்கு அழைத்தார். கடிதத்தில் என் பெயர் தட்டச்சாகியிருந்தது. கெப்டனுக்கு அடுத்தபடி நன்றாக ஆடியவன் நான்தான் என்றார். “நீர் அடக்கமான பிள்ளை.” வீட்டுக்குப் போய் அப்பாவிடம், “இது அவன்ர இடம், எனக்கு வேண்டாம்” என்றேன். அப்பா தலையில் சுற்றியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“நீ வேண்டாமெண்டால் அவனுக்குக் குடுப்பினமோ?”

“இல்ல.”

“அப்ப போ. மூட்டை தூக்கிறதுக்கு ஒரு வீட்டில ஒரு ஆள் போதும்.”

போனேன். படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். என் பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்துகளை வாசிக்கிறபோதெல்லாம் யாருடைய விடுதிக் கட்டிலில் படுத்துப் படித்தவன் என்று எனக்குத் தெரியும். கெப்டன் அந்த வருடத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டான்.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற அதிபரின் வீட்டைத் தேடிப் போனேன். அன்பாகத்தான் வரவேற்றார். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கெப்டனைப் பற்றிச் சொன்னேன்.

“எந்தப் பொடியன்? கிளிவெட்டியோ? நினைவில்லையே தம்பி.”

மேடையைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டு அதை மறந்தும்போக இந்த உலகத்தில் வசதி இருக்கிறது. “பிழை நடந்திருந்தால் திருத்தத்தானே வேணும். நீர் எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்” என்றார். எழுதிக்கொண்டு போனேன். அவன் சொன்னது உண்மை, அவனைத் தண்டித்தது அதிபராகிய என் தவறு என்று இருந்த பக்கத்தை வாசித்தார். கதிரைக் கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓர் ஓவர் முடிவதற்குள் வேலை முடிந்தது. இவ்வளவுதானா என்று கத்த வேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அடக்கமான பிள்ளை.

அந்தக் கடிதத்தோடு கிளிவெட்டிக்குப் பஸ் ஏறினேன். கெப்டன் வயலோரத்தில் உழவு இயந்திரத்தின் கீழே படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். எழும்பி வந்து, எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, கடிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்து வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். கொழும்பில படிச்சனிதானே.”

கடிதத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

“அவர் பாவம் மச்சான். அவர் ஒருநாளும் எங்கட கோட்டில எறிஞ்சதில்ல. நான் சொன்னது அவருக்கு விளங்கியிருக்காது. அவர்ர கையெழுத்து எனக்கு என்னத்துக்கு?”

“வேற என்ன செய்யச் சொல்லுறாய்?”

“மேடையில நிக்கேக்க நான் அவரைப் பாக்கேல்ல. உங்களைத்தான் பாத்தனான். பதினொரு பேரில ஒருத்தனாவது ஓமெண்டு தலையாட்டுவான் எண்டு பாத்தனான்.”

கடிதத்தைத் திருப்பி, வெறுமையாகக் கிடந்த பின்பக்கத்தை என்னிடம் நீட்டினான்.

“இதில எழுதுங்கோ. அண்டைக்கு அந்த மண்டபத்தில ஆளுக்கு எத்தினை எறிஞ்சனீங்கள், எத்தினை வெளிய போனது எண்டு. பேரைப் போட்டு எழுதுங்கோ.”

உழவு இயந்திரத்தின் சூடான மூடியில் தாளை வைத்து நான் முதலில் எழுதினேன்: என் பெயர், எறிந்தது ஆறு, வெளியே போனது ஆறு. அவன் எட்டிப் பார்த்தான்.

“ஏழு. ரெண்டாம் பாதி தொடங்கின உடன மூலையில நிண்டு ஒண்டு எறிஞ்சனி. எறியாத எண்டு சொன்னாப் பிறகு.”

இரண்டு ஆறையும் வெட்டி ஏழு என்று எழுதினேன்.

தாள் என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் முழுக்க லீவு எடுத்திருக்கிறேன். உங்களில் ஒன்பது பேருடைய வீட்டுக்கும் வருவேன். கனடாவில் இருக்கிறவருக்குத் தபாலில் வரும். தேநீர் வேண்டாம், பழைய கதை வேண்டாம். பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதித் தாருங்கள். குறைத்து எழுதாதீர்கள். ஒவ்வொருவரும் எத்தனை பிழைத்தீர்கள் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மேடையில் நின்றபோதும் அவனுக்குத் தெரியும்.